சுங்கை சிப்புட்டிலிருந்து பாயான் லெப்பாஸுக்கு: குடும்பச் சம்பளத்தைத் திட்டமிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலும் வளர்ந்த பிள்ளைகள் பலர் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் புறப்படுவதற்கு முன் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதப்பட்டுள்ளது. கணக்கு விளங்குவதற்காக ஓர் எடுத்துக்காட்டுக் குடும்பத்தை வைத்துக்கொள்வோம்: கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். கணவருக்கு ஊரில் 2,400 ரிங்கிட் சம்பளம். பாயான் லெப்பாஸில் 3,500 ரிங்கிட் அடிப்படைச் சம்பளத்துக்கு வேலைக் கடிதம் வந்திருக்கிறது. உங்கள் தொகை வேறாக இருந்தாலும் கணக்குப் போடும் முறை இதுதான்.

சம்பளம் ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் கூடுகிறது. பிறகு எதற்குத் தனியாக ஒரு திட்டம்?

ஏனென்றால் நாம் சம்பளத்தைச் சம்பளத்தோடு ஒப்பிடுகிறோமே தவிர, ஊரில் காசு கொடுக்காமல் நமக்குக் கிடைத்துவந்தவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தோட்ட வீட்டிலோ பெற்றோரின் வீட்டிலோ இருப்பவருக்கு வாடகை இல்லை. பிள்ளைகளைப் பாட்டி பார்த்துக்கொள்கிறார். முருங்கைக்கீரை, வாழைக்காய், தேங்காய், பச்சை மிளகாய் எல்லாம் வீட்டைச் சுற்றியே கிடைக்கின்றன. மாதக் கடைசியில் கை வறண்டால், மளிகைக் கடைக்காரர் சின்ன 555 புத்தகத்தை எடுத்து அரிசி ஒரு மூட்டை, சாடின் இரண்டு டின், பால்மாவு ஒரு பொட்டலம் என்று நம் பெயருக்குக் கீழே எழுதிக்கொள்வார். சம்பள நாளில் பணத்தைக் கொடுத்ததும் பக்கத்தின் குறுக்கே கோடு போட்டுவிடுவார். அந்தக் கடனுக்கு வட்டியும் இல்லை, தாமதக் கட்டணமும் இல்லை.

எடுத்துக்காட்டுக் குடும்பத்தைப் பாருங்கள். பிடித்தம் போக 2,400 ரிங்கிட்டில் கைக்கு வருவது ஏறத்தாழ 2,120. 3,500 ரிங்கிட்டில் வருவது ஏறத்தாழ 3,090. ஆகவே கையில் கூடுவது 970 ரிங்கிட்தான். தீவில் எடுக்கும் வீட்டுக்கு மாத வாடகை 1,200 ரிங்கிட் என்றால், கூடிய தொகை முழுவதும் போய், அதற்குமேல் 230 ரிங்கிட் பழைய சம்பளத்திலிருந்தே எடுக்க வேண்டியிருக்கும். பிள்ளைப் பராமரிப்பும் காய்கறியும் இன்னும் கணக்கில் வரவில்லை.

போகக் கூடாது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. தொழில் கற்றுக்கொள்ளவும், பதவி உயரவும், மனைவிக்கும் ஒரு நல்ல வேலை கிடைக்கவும் பாயான் லெப்பாஸில் இருக்கும் வாய்ப்பு நம் ஊரில் இல்லை. ஆனால் முதல் ஓராண்டு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு போகிற குடும்பம் கடனில் விழுவதில்லை. ஆகவே புறப்படும் முன், ஊரில் இலவசமாகக் கிடைப்பவை ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதி, பினாங்கில் அதற்கு என்ன விலை என்று எதிரே எழுதுங்கள். வேலைக் கடிதத்தைவிட அந்தத் தாளைத்தான் முதலில் குடும்பத்தோடு உட்கார்ந்து படிக்க வேண்டும்.

பாயான் லெப்பாஸில் ஏன் இவ்வளவு செலவு?

அங்கே தடையற்ற தொழில் வட்டாரம் 1972-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இன்டெல் அதே ஆண்டில் வந்தது. பின்னர் வந்த மின்னணு நிறுவனங்கள் பல. அரை நூற்றாண்டாக ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள். தீவிலோ நிலம் குறைவு, அதிலும் பெரும்பகுதி குன்று. வேலைக்குப் பக்கத்தில் இருக்கும் வீடுகளுக்குப் போட்டி அதிகம் என்பதால் வாடகை உயர்கிறது, வாடகை உயர்ந்த இடத்தில் சாப்பாட்டுக் கடை விலையும் உயர்கிறது.

வேலைக் கடிதத்தில் எழுதியுள்ள தொகையில் கைக்கு எவ்வளவு வரும்?

ஊழியர் சேமநிதிக்கு, அதாவது இபிஎஃப்-க்கு, உங்கள் சம்பளத்தில் 11 விழுக்காடு பிடிக்கப்படும். 3,500 ரிங்கிட்டுக்கு அது 385 ரிங்கிட். சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கும் வேலைக் காப்புறுதித் திட்டத்துக்கும் சேர்த்துச் சிறு தொகை போகும். வருமான வரிக்கான மாதப் பிடித்தம் இந்தச் சம்பளத்தில், வேலைக்குப் போகாத மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ள ஒருவருக்கு வழக்கமாக வராது.

முதலாளி தம் பங்காக 5,000 ரிங்கிட் வரையிலான சம்பளத்துக்கு 13 விழுக்காடும், அதற்கு மேற்பட்டதற்கு 12 விழுக்காடும் இபிஎஃப்-இல் செலுத்துகிறார். இரண்டு வேலைகளை ஒப்பிடும்போது இதைப் பார்க்கத் தவறாதீர்கள். இபிஎஃப் செலுத்தாமல் "மொத்தமாகக் கையில் தருகிறோம்" என்று சொல்லும் ஏஜெண்டு வழி வேலை, பார்வைக்குப் பெரிய தொகையாகத் தெரிந்தாலும் நமக்கு நட்டமே.

ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பணத்தை மாத வருமானத்தில் சேர்த்துக் கணக்குப் போடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிக்க நேரமுள்ளவர்கள் இதைப் படியுங்கள்.

சட்டப்படி, சாதாரண வேலை நாளில் கூடுதலாகச் செய்யும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒன்றரை மடங்கு ஊதியம். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம், அதை எட்டு மணி நேரத்தால் வகுத்தால் ஒரு மணி நேரச் சம்பளம். 3,500 ரிங்கிட்டுக்கு அது ஏறத்தாழ 16 ரிங்கிட் 80 சென், ஓ.டி. மணிக்கு 25 ரிங்கிட்டுக்குச் சற்று மேல். மாதம் 40 மணி நேரம் செய்தால் ஆயிரம் ரிங்கிட் கூடும். இதைப் பார்த்ததும், நம் சம்பளம் 4,500 என்று மனம் தானாகவே எடுத்துக்கொள்கிறது. அந்தத் தொகைக்கு வீடு பார்க்கிறோம், காருக்குக் கையெழுத்துப் போடுகிறோம்.

இதில் மூன்று சிக்கல்கள் உள்ளன. மின்னணுச் சில்லுத் தொழில் ஏற்ற இறக்கம் மிகுந்தது: 2021-இல் உலகமே சில்லு கிடைக்காமல் தவித்தது, 2023-இல் உலகச் சில்லு விற்பனை சரிந்தது. ஆர்டர் குறையும்போது தொழிற்சாலை முதலில் நிறுத்துவது ஓ.டி.யைத்தான், ஆளை நிறுத்துவது அதற்குப் பிறகே. வீட்டு வாடகையும் கார் தவணையும் அதற்காகக் காத்திருக்காது. இரண்டாவது, ஓ.டி. பணத்துக்கு இபிஎஃப் கட்டப்படுவதில்லை. நாள் முழுவதும் நின்று உழைத்துச் சம்பாதித்தாலும் அதில் ஒரு சென்கூட ஓய்வுக்காலத்துக்குச் சேராது. நீங்களாகவே எடுத்துவைத்தால்தான் உண்டு. மூன்றாவது, உடலுழைப்பு அல்லாத வேலையில் மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டியவருக்குச் சட்டப்படி ஓ.டி. கொடுக்க வேண்டிய கடமை முதலாளிக்கு இல்லை. சம்பள உயர்வு வந்து, ஓ.டி. நின்று, மொத்தத்தில் கைக்கு வருவது குறைந்துபோன வீடுகள் உண்டு. பதவி உயர்வுக் கடிதம் வரும்போது இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது தவறே இல்லை.

ஆகவே வாடகை, சாப்பாடு, பள்ளி, கடன் தவணை ஆகிய மாதந்தோறும் தப்பாமல் வரும் செலவுகள் அனைத்தும் அடிப்படைச் சம்பளத்துக்குள் அடங்க வேண்டும். ஓ.டி. பணம் பழைய கடனை அடைக்க, அவசரத்துக்குச் சேர்க்க, தீபாவளிக்கு ஒதுக்க. இரவு ஷிப்ட் அலவன்ஸையும் அப்படியே கருதுங்கள், ஏனெனில் ஷிப்ட் மாறினால் அதுவும் நின்றுவிடும்.

புறப்படும்போது கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

வாடகை வீட்டுக்கு வழக்கமாகக் கேட்பது இரண்டு மாத வாடகை முன்பணம், மின்சாரம் தண்ணீருக்காக அரை மாத வாடகை, அதோடு முதல் மாத வாடகை. 1,200 ரிங்கிட் வீட்டுக்கு இது 4,200 ரிங்கிட். ஒப்பந்தத்துக்கும் முத்திரை வரிக்கும் கொஞ்சம், சாமான் ஏற்றும் லாரிக்குக் கொஞ்சம், அங்கே போனதும் வாங்க வேண்டிய கேஸ் தோம்பு, மெத்தை, மின்விசிறி என்று கொஞ்சம். முதல் சம்பளம் வரும்வரை சாப்பிடவும் வேண்டும். சட்டப்படி, ஒரு மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுத்தால் போதும். மாதத் தொடக்கத்தில் வேலையில் சேர்ந்தவருக்கு ஐந்து வாரத்துக்கு மேலாகக் கையில் பணம் வராமல் போகலாம்.

எடுத்துக்காட்டுக் குடும்பத்துக்கு 7,000 ரிங்கிட்டாவது இல்லாமல் நான்கு பேரும் ஒன்றாகக் கிளம்புவது சரியல்ல என்பது என் கருத்து. அவ்வளவு இல்லையென்றால், வேலைக்குப் போகிறவர் மட்டும் முதலில் போய், நண்பர்களோடு ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, தகுதிகாண் காலம் முடிந்து வேலை நிரந்தரமான பிறகு குடும்பத்தை அழைத்துக்கொள்ளட்டும். சுங்கை சிப்புட்டில் இ.டி.எஸ். ரயில் நிற்கிறது, பட்டர்வொர்த்துக்கு அதிலேயே போய்விடலாம். பிரிந்திருப்பது கடினம்தான், ஆனாலும் அது சில மாதங்கள். கடன் வாங்கிக் கட்டிய முன்பணம் அடைய அதைவிட நெடுங்காலம் ஆகும்.

வீட்டில் ஏற்கெனவே உள்ள கீறல், நீர்க்கசிவு, உடைந்த குழாய், எரியாத விளக்கு ஆகியவற்றைக் குடிபோகும் நாளிலேயே கைப்பேசியில் படம் பிடித்து உரிமையாளருக்கு அனுப்பிவையுங்கள். வெளியேறும்போது முன்பணம் முழுதாகத் திரும்பி வர இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

தீவில் இருப்பதா, பெருநிலத்தில் இருந்து பாலத்தைக் கடந்து போவதா?

சிம்பாங் அம்பாட், நிபோங் திபால், புக்கிட் மெர்தாஜாம் பக்கங்களில் அதே வாடகைக்குத் தீவைவிடப் பெரிய வீடு கிடைக்கும். 1985-இல் திறந்த முதல் பாலமும், பத்து காவானிலிருந்து தீவுக்குப் போகும் 2014-இல் திறந்த இரண்டாம் பாலமும் இருக்கின்றன. காருக்குத் தீவை நோக்கிப் போகும்போது மட்டும் டோல். மோட்டார் சைக்கிளுக்கு 2019 முதல் டோல் இல்லை.

ஆனாலும் முடிவு ஷிப்டைப் பொறுத்தது. பன்னிரண்டு மணி நேர இரவு ஷிப்ட் முடித்து, கண்ணைத் திறக்க முடியாத நிலையில், காற்று வீசும் பாலத்தின்மேல் மோட்டார் ஓட்டிக்கொண்டு வருவதை எந்த வாடகைக் குறைவும் ஈடுசெய்யாது. கம்பெனி பஸ் உங்கள் குடியிருப்புக்கு வருகிறதா என்று வேலைக் கடிதத்தில் கையெழுத்திடும் முன்பே கேளுங்கள். வருகிறதென்றால் பெருநிலமே நல்லது. வராவிட்டால், வாடகையில் மிச்சமாகும் தொகையிலிருந்து டோல், பெட்ரோல், பயண நேரம் மூன்றையும் கழித்துப் பாருங்கள்.

பத்து காவானிலும், கெடா மாநிலத்தின் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவிலும் இதே வகை வேலைகள் உள்ளன. இரண்டுமே பெருநிலத்தில் இருப்பதால், சம்பளம் இருநூறு ரிங்கிட் குறைந்தாலும் கையில் நிற்பது கூடலாம்.

மாதச் சம்பளத்தை எப்படிப் பிரிப்பது?

கைக்கு வரும் 3,090 ரிங்கிட்டில் வாடகை 1,200. வீட்டில் சமைத்து, ஷிப்டுக்கும் சோறு கட்டிக்கொண்டு போனால் சாப்பாட்டுக்கு 700. மோட்டார், பெட்ரோல் 200. மின்சாரம், தண்ணீர், கைப்பேசி 200. பிள்ளைகளின் பள்ளிச் செலவு 250. ஊரில் இருக்கும் பெற்றோருக்கு 250. சேமிப்பு 150. மீதி 140 ரிங்கிட்டில் ஊர்ப் பயணம், கல்யாண மொய், மருந்து எல்லாம் அடங்க வேண்டும்.

இதில் காருக்கு இடம் இல்லை என்பதைப் பார்க்கிறீர்கள். மாதம் 500 ரிங்கிட் தவணைக்கு ஒரு கார் எடுத்தால், சேமிப்பும் மீதியும் போய், பெற்றோரின் பணத்தில் கை வைக்க வேண்டிவரும். முதல் ஆண்டு மோட்டார் போதும். ஏற்கெனவே கார் தவணை கட்டிக்கொண்டிருப்பவர் வீட்டு வாடகையில்தான் குறைத்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டில் குறைப்பது நடக்காது.

சேமிப்பை மாதக் கடைசியில் எஞ்சுவதிலிருந்து எடுக்காமல், சம்பளம் ஏறிய அன்றே வேறு வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மூன்று மாத வாடகையும் சாப்பாடும் அதில் சேரும்வரை வேறு எதற்கும் தொட வேண்டாம்.

பெற்றோருக்கு அனுப்புவதை முதல் ஆண்டு நிறுத்திவைக்கலாமா?

நிறுத்த வேண்டாம், தொகையைக் குறைத்தாலும் தேதியைத் தவறவிடாதீர்கள். தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற பலருக்கு இபிஎஃப்-இல் இருந்தது குறைந்த சம்பளத்தின் மேல் சேர்ந்த சிறு தொகைதான். வேலை முடிந்ததும் தோட்ட வீட்டையும் விட வேண்டியிருந்ததால், அந்தத் தொகையும் வீட்டுக்கே கரைந்துபோயிற்று. மகன் எப்போதாவது ஐந்நூறு கொடுப்பதைவிட, மாதம் ஐந்தாம் தேதி தவறாமல் வரும் 250 ரிங்கிட்டை நம்பித்தான் அவர்களால் மருந்துக்கும் மின்கட்டணத்துக்கும் திட்டமிட முடியும்.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளை பினாங்கில் "பெரிய கம்பெனியில்" இருக்கிறான் என்பதற்காக, கோவில் திருவிழா உபயம், உறவினர் கல்யாணம், தம்பியின் மோட்டார் தவணை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்காதீர்கள். ஆண்டுக்கு இவ்வளவு என்று தைப்பூசத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசிவிட்டால், கேட்பவருக்கும் சங்கடம் இல்லை, கொடுப்பவருக்கும் சுமை தெரியாது. மருத்துவத்துக்கு அரசாங்கக் கிளினிக் இருக்கிறது. குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு ரிங்கிட். அங்கே கிடைக்கும் மாதாந்தர மருந்தைத் தவறாமல் எடுப்பதே பிள்ளைகளின் பணத்தை மிச்சப்படுத்தும் பெரிய உதவி.

மனைவியும் வேலைக்குப் போனால்தான் சமாளிக்க முடியுமா?

பிள்ளைகளின் வயதைப் பொறுத்தது. மனைவிக்கு 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் வேலை கிடைத்தால், பிடித்தம் போக ஏறத்தாழ 1,500 கைக்கு வரும். அதிலிருந்து இரண்டு சிறு பிள்ளைகளைப் பராமரிப்பு மையத்தில் விடும் கட்டணம், போய்வரும் செலவு, சமைக்க நேரமில்லாமல் வெளியில் வாங்கும் சாப்பாடு ஆகியவற்றைக் கழித்தால் எஞ்சுவது மிகக் குறைவாகவே இருக்கும். இரண்டு பேரின் சம்பளமும் சேர்ந்து 5,000 ரிங்கிட்டைத் தாண்டினால், எஸ்.டி.ஆர். எனும் அரசாங்க உதவித்தொகைக்கான குடும்ப வருமான வரம்பையும் கடந்துவிடுகிறீர்கள். ஆனாலும் பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டால் கணக்கு முற்றிலும் மாறும்; அப்போது வேலைக்குப் போவதே நல்லது, இபிஎஃப்-உம் அவர் பெயரில் சேரும்.

வீட்டிலிருந்தே தையல் தைத்தோ பலகாரம் செய்து விற்றோ சம்பாதிக்கும் மனைவி, இபிஎஃப்-இன் ஐ-சாரான் திட்டத்தில் தாமாகவே பணம் போடலாம். போடும் தொகைக்கு அரசாங்கம் 20 விழுக்காடு சேர்த்துக் கொடுக்கிறது, ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை. மாதம் ஐம்பது ரிங்கிட்டாவது போட்டுவாருங்கள்.

பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் சேர்க்க முடியுமா?

முடியும். பாயான் லெப்பாஸுக்குப் பக்கத்தில் சுங்கை ஆராவில் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. பள்ளியிலிருந்து எவ்வளவு தூரத்தில் வீடு எடுக்கிறோம் என்பதை வாடகையோடு சேர்த்துப் பாருங்கள்: பள்ளி வேன் கட்டணம் இரண்டு பிள்ளைகளுக்கு மாதந்தோறும் போகும்.

ஊரில் போட்டுவந்த கூட்டை (சீட்டை) அங்கே நண்பர்களோடு தொடரலாமா?

தொடர வேண்டாம். கூட்டுப் பிடிப்பது 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்நாட்டில் குற்றம். ஊரில் ஒருவரையொருவர் மூன்று தலைமுறையாக அறிந்தவர்கள் என்பதால் அது ஓடியது. தொழிற்சாலையில் ஒப்பந்தம் முடிந்ததும் ஆள் வேறு மாநிலம் போய்விடுவார்; பணத்தை எடுத்தவர் போய்விட்டால், போலீசில் புகார் கொடுக்கவும் தயங்க வேண்டியிருக்கும்.

சிறு தொகைகளைச் சேர்த்துப் பெரிய காரியம் செய்வது நமக்குப் புதிதல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த, அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பால்மரம் வெட்டியவர்களின் பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்கினார். அது பதிவுபெற்ற சங்கம், கணக்கு இருந்தது, பங்குதாரருக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்தது. இன்றும் கூட்டுறவுச் சங்கச் சேமிப்பு, அமானா சகாம் மலேசியா யூனிட்டுகள் என்று அதே வகையான பாதுகாப்பான வழிகள் இருக்கின்றன.

வீட்டுச் சாமான்களைத் தவணையில் வாங்கலாமா?

கைப்பேசியில் இரண்டு முறை தட்டினால் "இப்போது வாங்கு, பிறகு கட்டு" என்று கிடைக்கும் கடனை நம் ஊர் 555 புத்தகத்தைப் போல எண்ணிவிடாதீர்கள். மளிகைக் கடைக்காரர் நம் வீட்டு நிலைமையைப் பார்த்துப் பொறுத்துக்கொள்வார். செயலி தேதி தவறியதும் கட்டணம் போடும். ஒவ்வொரு பொருளுக்கும் நாற்பது, ஐம்பது ரிங்கிட் என்பதால் பெரிதாகத் தெரியாது. ஆறு பொருள் சேர்ந்தால் மாதம் முந்நூறு. ஊரில் பெட்டி கட்டும்போதே சட்டி பானை, அலமாரி, துணிமணி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். குளிர்பதனப் பெட்டியையும் சலவை இயந்திரத்தையும் பழையதாக வாங்கலாம்.

கடன் ஏற்கெனவே மிஞ்சிவிட்டதென்றால், ஆலோங்கிடம் (உரிமமில்லா வட்டிக்காரரிடம்) போகும் முன், கடன் ஆலோசனை தரும் ஏகேபிகே அலுவலகத்துக்குப் போங்கள். பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த நிறுவனம் அது. ஆலோசனை இலவசம், வங்கிகளோடு பேசித் தவணையைத் திருத்தி அமைத்தும் கொடுக்கிறார்கள்.

இபிஎஃப்-இன் ஃபிளெக்சிபல் கணக்கிலிருந்து எடுத்துச் சமாளிக்கலாமா?

மே 2024 முதல் புதிதாகச் சேரும் பணம் மூன்றாகப் பிரிகிறது: ஓய்வுக்கால கணக்குக்கு 75 விழுக்காடு, செஜாத்ரா கணக்குக்கு 15, ஃபிளெக்சிபல் கணக்குக்கு 10. கடைசிக் கணக்கிலிருந்து 50 ரிங்கிட் முதல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். முன்பணம் கட்டுவதற்காக ஒருமுறை எடுப்பதில் நியாயம் இருக்கிறது. மாதாமாதம் எடுக்க வேண்டியிருக்கிறதென்றால் வாடகை உங்கள் சம்பளத்துக்கு மீறியது என்று பொருள். ஒப்பந்தம் முடியும்போது வேறு வீட்டுக்கு மாறுங்கள்.

போன சில மாதங்களிலேயே வேலை போய்விட்டால்?

ஆள்குறைப்பில் வேலை இழந்தவர், மாதந்தோறும் சம்பளத்தில் பிடிக்கப்பட்ட வேலைக் காப்புறுதித் திட்டத்தின் வழி, வேறு வேலை தேடும் காலத்துக்கு உதவித்தொகை கேட்கலாம். வேலை போன நாளிலிருந்து 60 நாள்களுக்குள் சொக்சோவிடம் விண்ணப்பிக்க வேண்டும். தாமாக வேலையை விட்டவருக்கும், ஒப்பந்தக் காலம் முடிந்து வெளியேறியவருக்கும் இது கிடைக்காது. எனவே, "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று யார் சொன்னாலும் அன்றே கையெழுத்திட வேண்டாம். கடிதத்தை வீட்டுக்கு எடுத்து வந்து, விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிய பிறகு முடிவெடுங்கள். வேலை நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்களை முதல் மாதத்திலிருந்தே ஒரு கோப்பில் போட்டு, இன்னொரு நகலை ஊரில் பெற்றோரிடம் கொடுத்துவையுங்கள்.